பன்னிரண்டாம் பக்கத்துத் தப்பு

சுகாதாரப் பணியாளர்களுக்கான பாடங்களை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிடும் வேலையில் நீங்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களாம். உங்களிடம் அரை மணி நேரம் பேச முடியுமா என்று பயிற்சி நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் பேச ஆரம்பித்தால் அரை மணியில் முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கியவர்கள் பலர் இன்று பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள். அதனால் எழுதியே அனுப்பிவிடுகிறேன். தூக்கம் வந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படிக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. தஞ்சாவூரில் கிராம சுகாதார செவிலியர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன். ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை. ஊசி போடுகிறவர்களுக்கு எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது உங்களுக்கு ஆச்சரியம் குறையும்.

என் முதல் பாடப்புத்தகத்தை அச்சடித்தபோது அட்டையில் என் புகைப்படம் போட்டேன். உள்ளே முதல் பக்கத்தில், 'ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி இந்நூலின் எந்தப் பகுதியையும் நகலெடுக்கவோ, மாற்றவோ, வெளியிடவோ கூடாது' என்று தடித்த எழுத்தில் போட்டேன். சில வருடங்கள் போயின. அனுமதி கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. எல்லோரும் எனக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நகலெடுக்கும் அளவுக்கு யாரும் அதைப் படிக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உண்மையில் ஒரே ஒருவர் நகலெடுத்திருந்தார். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் துணை சுகாதார நிலையம் இருந்தது. அங்கே ஜெயந்தி என்கிற செவிலியர். கடற்கரைக் குடும்பத்துப் பெண். மீன் ஏலத்தில் பேசிப் பழகிய குரல். என் வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து கேள்வி கேட்டால்கூட வராந்தாவில் கேட்கும். ஒரு நாள் பார்வையிடப் போயிருந்தேன். நான் உள்ளே நுழையவும் அவர் சுவரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேஜை இழுப்பறையில் வைத்ததைப் பார்த்துவிட்டேன். எடுக்கச் சொன்னேன்.

கர்ப்பிணிகளுக்கு ஆபத்தான அறிகுறிகள் பற்றிய என் பக்கம்தான் அது. ஆனால் என் வாக்கியங்கள் ஒன்றும் அதில் இல்லை. 'மிகுதியான குருதிப்போக்கோ, கடும் தலைவலியுடன் கூடிய பார்வைக் குறைபாடோ ஏற்படின் உடனடியாக மருத்துவமனையை அணுகவும்' என்று நான் எழுதியிருந்தேன். அவர் ஸ்கெட்ச் பேனாவால் இப்படி எழுதியிருந்தார்: 'துணி நனையிற அளவு ரத்தம் போனாலும், தலை வலிச்சுக் கண்ணு மங்கினாலும் விடியட்டும்னு இருக்காதீங்க. அப்பவே கெளம்புங்க.'

எனக்குக் கோபம் வந்தது. "யாரக் கேட்டு மாத்தினீங்க?" என்றேன்.

"கேக்கலாம்னுதான் சார் பாத்தேன். புத்தகத்துல உங்க போட்டோ இருக்கு, போன் நம்பர் இல்ல," என்றார்.

திரும்பி வந்து எங்கள் பயிற்சி நிலைய முதல்வரிடம் புகார் சொன்னேன். அவர் ஒரு டாக்டர். தன்னைப் பற்றி யாராவது எழுதினால் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பவர். டாக்டரம்மா என்றே சொல்கிறேன். ஜெயந்தியின் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு என் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தார்.

"சார், நீங்க பாடம் எழுதினீங்களா, இல்ல நெலத்துக்குப் பட்டா வாங்கி எல்லைக்கல்லு நட்டீங்களா?"

அவர் ஜெயந்தியின் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"விடியட்டும்னு இருக்காதீங்கன்னு எழுதியிருக்காளே, அது உங்களுக்கு ஏன் தோணல? அவளுக்குத் தெரியும், அங்க ராத்திரி யாரும் கெளம்ப மாட்டாங்கன்னு. எடுத்து மாத்துறவங்களுக்குத்தான் உங்க பாடம் உதவும். மாத்தக் கூடாதுன்னா பீரோவுல வெச்சுப் பூட்டிக்குங்க."

அந்த வாரமே எச்சரிக்கை வாசகத்தை எடுத்தோம். அதற்குப் பதிலாக, யாரும் நகலெடுக்கலாம், தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றலாம், இலவசமாகப் பகிரலாம், எழுதியவர் பெயரையும் மாற்றியவர் பெயரையும் குறிப்பிட்டால் போதும் என்று போட்டோம். நீங்கள் இன்று ஒவ்வொரு கோப்பிலும் யோசிக்காமல் ஒட்டுகிறீர்களே, அந்த வாசகம்தான். அதைப் போட்டதில் எனக்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டது.

பிறகு அதன் ருசி பிடித்துவிட்டது. பூட்டி வைத்தவன் அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். எழுதுவதை எல்லாம் அன்றைக்கே இணையத்தில் ஏற்றினேன், வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினேன். கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் என் புத்தகத்தை நகலெடுத்துக் கொண்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, அது நான் எழுதியது என்று அவரிடம் சொல்வதற்காகவே வரிசையில் நின்றேன். அவர், "எத்தன காப்பி சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வருடம் ஐப்பசி மழை வழக்கத்தைவிட அதிகம். வாய்க்கால்கள் உடைந்து குடிநீர்க் குழாய்களில் கலங்கல் வந்தது. தண்ணீர் வடிந்ததும் பல ஊர்களில் வயிற்றுப்போக்கு. பேதி கண்ட குழந்தைக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று பதினாறு பக்கத்தில் படங்களோடு ஒரு சிறு புத்தகம் தயாரித்தேன். வெளியிடுவதற்கு முன்னால் இரண்டு செவிலியர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் கொடுக்கவில்லை. அவசரம் மேடம், பேதி பரவுகிறது என்றேன். அவசரம் உண்மைதான். ஆனால் கொடுத்தால் மறுபடியும் என் வாக்கியங்களை மாற்றிவிடுவார்கள் என்பதுதான் என் மனதில் இருந்த காரணம்.

புத்தகம் எங்கள் சரகத்தைத் தாண்டியும் பரவியது. என் ஆயுளில் அவ்வளவு புகழ் நான் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில் திருக்கடையூரில் என் மனைவியின் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். நான் ஐம்பது பிரதிகள் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"வர்றவங்களுக்குக் குடுக்க."

"எப்படிக் குடுப்பீங்க?"

"தாம்பூலப் பையில போட்டுடலாம்."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "எங்க அண்ணன் ஆயுசோட இருக்கணும்னு கும்பிட்டுட்டுப் போறவங்க பையில, தேங்காய்க்குப் பக்கத்துல பேதிப் புத்தகமா?"

ஆனாலும் போட்டேன். மண்டபத்தில் பை கட்டுகிறவர்களை நைசாக நகர்த்திவிட்டு நானே என் கையால் போட்டேன்.

மாங்கல்யதாரணம் முடிந்து, பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் ஜெயந்தி போன் செய்தார். மேளச் சத்தத்தில் அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சார், பன்னண்டாம் பக்கம் பாருங்க."

"என்ன, நல்லாயிருக்கா?"

"ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொடிய ஒரு டம்ளர் தண்ணியில கரைக்கணும்னு படம் போட்டிருக்கீங்க. நம்ம குடுக்குற பாக்கெட் ஒரு லிட்டருக்கு சார்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. படம் எடுப்பதற்காக வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். கடையில் இருந்தது ஒரு டம்ளருக்கான சின்ன பாக்கெட். படத்துக்குப் பளிச்சென்று இருந்தது. அரசு நிலையங்களில் நாம் கொடுப்பது ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட். அதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு ஏறும். நீர் வற்றிய குழந்தைக்கு அது மருந்து இல்லை, ஆபத்து. இது எனக்குத் தெரியாததில்லை. வருடக்கணக்காக நானே நடத்திய பாடம்.

புரிந்த பிறகும் நான் சொன்னது இதுதான்: "டம்ளருக்கான பாக்கெட்டும் கடையில வருதும்மா. அதனால அதத் தப்புன்னு சொல்ல முடியாது."

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"இங்க ஒரு வயசுக் குழந்தைக்கு அப்படித்தான் கரைச்சுக் குடுத்திருக்காங்க சார். அம்மா பேரு செல்வி. படிச்ச பொண்ணு, உங்க படத்தப் பாத்து அப்படியே செஞ்சிருக்கா. ரெண்டு மூணு வாய் குடிச்சதும் புள்ள துப்பிடுச்சு. ஏன் துப்புதுன்னு அவ நாக்குல வெச்சுப் பாத்திருக்கா. கண்ணீர விடக் கரிக்கக் கூடாதுன்னு நான் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்திருக்கு. அப்படியே எடுத்துக்கிட்டு ஓடி வந்தா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க."

"குழந்தை எப்படி இருக்கு?"

"இப்போதைக்குப் பரவாயில்லன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாக்கணுமாம். ஆனா இங்க அஞ்சு தெருவுக்கு உங்க புத்தகம் போயிருக்கு சார்."

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்குப் போன் போட்டு, இணையத்தில் இருக்கும் கோப்பை எடுத்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தைத் திருத்தி, அதே பெயரில் மறுபடி ஏற்றச் சொன்னேன். மாற்றியதாக எங்கும் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு பந்தியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது மட்டும் இல்லை, பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன். ஆபத்து நீங்கிவிட்டது என்று அந்தச் சமயத்தில் நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கை கழுவும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். ஜெயந்தி அவரிடமும் சொல்லியிருந்தார்.

"திருத்திட்டீங்களா சார்?"

"அப்பவே திருத்திட்டேன் மேடம்."

"எத்தன வீட்டுல?"

நான் ஈரக் கையோடு நின்றேன்.

"எடுத்துக்குங்கன்னு குடுத்துட்டோம். எடுத்துக்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து உங்க கோப்பப் பாப்பாங்களா? நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"திருக்கடையூர்."

"அங்கேருந்து அந்தக் குப்பம் எவ்வளவு தூரம்?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அப்ப ஏன் இன்னும் திருக்கடையூர்ல இருக்கீங்க?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் விருந்தாளிகள் தாம்பூலப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பைகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாம் பக்கம்.

வாசலில் போய் நின்றுகொண்டேன். வருகிறவர்களிடம் எல்லாம் பையைக் காட்டுங்கள் என்று கேட்டு, கைவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பட்டுவேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பேதிப் புத்தகங்கள். என் மச்சானின் சம்பந்தி கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கௌரவமான மனிதர். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தேங்கா பத்தலையா? கேட்டா நானே குடுத்திருப்பேனே," என்றார்.

"தேங்கா இல்லீங்க. உள்ள நான் எழுதின புத்தகம் ஒண்ணு இருக்கு. அதுல தப்பு இருக்கு. குழந்தைக்கு ஆபத்தான தப்பு."

அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவையாக வந்தன. சொன்ன பிறகு பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. அவர் பையைத் திறந்து தானே எடுத்துக் கொடுத்தார். பிறகு வாசலிலேயே நின்று, பின்னால் வருகிறவர்களிடமும் கேட்டு வாங்க ஆரம்பித்தார். என் மனைவி முன்பே கிளம்பிவிட்டவர்களுக்குப் போன் செய்தாள். எனக்குக் கேட்கட்டும் என்றே ஒவ்வொருவரிடமும், "ஆமா, அவர் எழுதினதுதான்," என்றாள்.

அதே வேட்டியோடு ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். ஜெயந்தி மூன்றாவது தெருவில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "கல்யாணத்துலேருந்தா சார்?" என்று கேட்டார். திட்டவில்லை. ஒரு பேனாவைக் கையில் கொடுத்து, "அந்த வரிசை நீங்க, இந்த வரிசை நான்," என்றார்.

வீடு வீடாகப் போய், பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, டம்ளர் படத்தின்மேல் கோடு அடித்து, 'ஒரு லிட்டர்' என்று எழுதினேன். எழுதினால் மட்டும் போதாது, காரணம் சொல்லச் சொல்லி ஜெயந்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இத எழுதினவன் நான்தான். தப்பா எழுதிட்டேன்," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "சரி, இப்ப சரியாச் சொல்லு," என்றார். அவ்வளவுதான். நான் பயந்த அவமானம் அந்தத் தெருவில் யாருக்கும் தேவைப்படவில்லை.

நாலைந்து வீடு தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். சில வீடுகளில் பன்னிரண்டாம் பக்கத்தின்மேல் ஏற்கெனவே ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் வரைந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கீழே, 'இந்தப் பக்கத்தைத் திருத்தியது: செவிலியர் ஜெயந்தி', அன்றைய தேதி.

"இத எப்ப செஞ்சீங்க?"

"உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே சார். எங்க சிஸ்டர்ஸ் குரூப்லயும் போட்டுட்டேன். மாத்தலாம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க."

நான் அலுவலகத்தைக் கொண்டு கோப்பை ரகசியமாக மாற்றிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில், அவருடைய துண்டுத்தாள் நாகப்பட்டினம்வரை போய்விட்டிருந்தது. பழைய புத்தகமாக இருந்திருந்தால் அவர் என் எழுத்துபூர்வ அனுமதிக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். நானோ பாயசத்துக்காகக் காத்திருந்தேன்.

அதன் பிறகு அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். முதலில் 'ஓர் அச்சுப்பிழை நேர்ந்துள்ளது' என்று ஆரம்பித்தேன். ஜெயந்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அழித்துவிட்டு மறுபடி பேசினேன்: "பேதிப் புத்தகத்துல பன்னண்டாம் பக்கத்த நான் தப்பா எழுதிட்டேன். பெரிய பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடுக்காதீங்க. ஒரு லிட்டர்ல கரைங்க. பாக்கெட் மேல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கும், அதப் படிங்க. யாராவது அப்படிக் குடுத்திருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க." நான் எழுதியதிலும் பேசியதிலும் அவ்வளவு தூரம் பரவியது வேறெதுவும் இல்லை. என் புகைப்படம் அதில் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. குழந்தை தாய்ப்பால் குடித்துவிட்டுத் தூங்குகிறதாம். ஜெயந்தி அங்கிருந்த படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அரை நாளில் அவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதிலிருந்து எங்கள் நிலையத்தில் மூன்று பழக்கங்கள் வந்தன. இப்போது உங்களுக்கு அவை வெறும் அலுவலக விதிகளாகத் தெரியலாம். வெளியிடுவதற்கு முன் களத்தில் இருக்கும் இருவர் படிப்பது, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுவது, தப்பு கண்டால் கூப்பிட ஒரு எண் கொடுப்பது. திருத்தினால் திருத்தினோம் என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகச் சொல்வதும் உண்டு. அதை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கொடுத்ததோடு நாம் கை கழுவிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் தூங்கும்போதும் அந்தப் பக்கத்தை யாரோ ஒரு தாய் அடுப்பங்கரையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பது போலவே செய்துகொண்டிருப்பாள்.

அடுத்த வாரம் புதிய பக்கத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டு செல்வியின் வீட்டுக்குப் போனேன். ஜெயந்தியும் கூட வந்தார். குழந்தை பாயில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. செல்விக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், கொஞ்சம் நீளம்தான். அவர் பாதியில் கையை நீட்டி மாதிரியை வாங்கினார்.

முதலிலிருந்து நிதானமாகப் படித்தார். பிறகு, "இதுலயும் ஒண்ணு சரியில்ல சார்," என்றார்.

"என்னம்மா?"

"கரைச்சுட்டு எவ்வளவு நேரம் வெச்சுக்கலாம்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கீங்க. புள்ள கத்திக்கிட்டிருக்கும்போது யாரு கடைசிப் பக்கம் வரைக்கும் போவா? பாட்டில் படத்துக்குக் கீழயே போடுங்க, ஒரு நாளைக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு. அப்புறம், கரைச்சதும் அம்மா மொதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்னு போடுங்க. எங்கயுமே அது இல்ல."

அங்கேயே எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும், எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்: "திருத்தினவங்க பேரையும் இதுல போடுவோம். உங்க பேரப் போடலாமா?"

செல்வி ஜெயந்தியைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "பேரு போட்டா, நாளைக்கு இதுல ஏதாவது தப்பு வந்தா என்னையும் கேப்பாங்களா?"

"கேப்பாங்கம்மா."

அவர் மறுபடியும் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, உதடு அசைய மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை படித்தார். நாங்கள் காத்திருந்தோம். படித்து முடித்துத் தாளை என்னிடம் நீட்டினார்.

"இப்ப போடுங்க," என்றார்.